சொல்லிக்கொள்ள வேண்டாம்

பரிகாரம் முடித்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது தவறு. சாதாரணத் தவறு இல்லை. சோழ நாட்டில் இன்று புழங்கும் தவறுகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் எழுதுவேன். இரண்டாவது எது என்று யோசிக்க எனக்கு அவகாசம் வேண்டும். நீங்கள் பஸ் ஏறியதிலிருந்து கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு டிரைவர் முதுகையே பார்க்கிறீர்கள். தலை ஈரம். மடியில் புதுத் துண்டு. பழைய வேட்டியைக் குளக்கரையில் விட்டிருப்பீர்கள். சரி, அது உங்கள் விருப்பம். ஆனால் திரும்பிப் பார்க்கலாம். தாராளமாகப் பார்க்கலாம். தலபுராணத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. நான் இரண்டு பதிப்பு பார்த்துவிட்டேன். ஒன்றில் நடுவே ஆறு பக்கம் இல்லை. அந்த ஆறு பக்கத்திலும் இருக்காது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதோ, நான் பார்க்கிறேன். கோபுரம் தெரிகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெயர் மாசிலாமணி. லால்குடியில் முப்பத்துநான்கு வருஷம் வரலாறு நடத்தினவன். நீங்கள் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். வீடு போய்ச் சேரும்வரை வழியில் யாரிடமும் பேசக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதுவும் தவறுதான். ஆனால் அது எனக்கு வசதி என்பதால் இப்போதைக்குத் திருத்தாமல் விடுகிறேன். தலையை ஆட்டினால் போதும். மயிலாடுதுறைக்கு ஒரு மணி நேரம் ஆகும். பேரளத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தால் இன்னும் கால் மணி.

எங்கே தங்கினீர்கள்? சன்னிதித் தெருவில் லிஃப்ட் வைத்துக் கட்டியிருக்கிறார்களே, அதிலா? இல்லை. தெற்கு வீதியா? மங்களவல்லி அம்மா லாட்ஜா?

அப்படியென்றால் இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

அந்த லாட்ஜைப் பற்றி உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும். கீழே குடும்பம், மாடியில் பதினோரு அறை. ஆனால் பன்னிரண்டு வரை எண் போட்டிருப்பார்கள், ஏனென்றால் எட்டு கிடையாது. எட்டு சனியின் எண்ணாம். முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து சனியைப் பார்க்க வருகிறவன் அவருடைய எண்ணில் ஒரு ராத்திரி படுக்க மாட்டான். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வைத்திலிங்கம் இருக்கிறாரே, காதில் பென்சில் செருகிக்கொண்டு, அவரிடம் முதல் வருஷமே சொன்னேன்: ஏழுக்கு அடுத்த அறைக்கு நீங்கள் ஒன்பது என்று எழுதினாலும் அது எட்டாவது அறைதான், எண்ணிக்கை என்பது எழுத்துக்குக் கட்டுப்பட்டதில்லை என்று. அவர், "இருக்கட்டும் சார். கதவுக்கு அது தெரியாதுல்ல" என்றார். இந்த மாதிரி ஆளிடம் என்ன வாதம் செய்வது?

ஆனால் எட்டு விஷயம் சின்னது. என் மனத்தாங்கல் பலகை விஷயத்தில். மேஜைக்கு மேலே சிவப்பில் எழுதி மாட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். "அறையைக் காலி செய்பவர்கள் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்லவும். சொல்லிக்கொள்ள வேண்டாம்." வாடகையை வரும்போதே வாங்கிவிடுகிறார்கள். போகும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. போய்விட்டு வருகிறேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது, வாருங்கள் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். நீங்கள் படி இறங்கியதும் பின்னாலேயே மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். போன பீடை அதே படியில் திரும்பி ஏறக் கூடாதாம். காலண்டர் தராத லாட்ஜை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இவர்கள் தருவதில்லை. விலாச அட்டையும் இல்லை. மறுபடி வராதவனுக்கு விலாசம் எதுக்கு சார் என்று வைத்திலிங்கம் கேட்டார். யாரிடம் கேட்டார்? என்னிடம்.

அந்த லாட்ஜில் கொடுக்கிற பெரிய ஆசீர்வாதம் என்ன தெரியுமா? "மறுபடி உங்கள நான் பாக்கக் கூடாது." அந்த அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்டவர்கள் கண் கலங்கிக் கும்பிடுவார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார். பாருங்கள், கண் கலங்குகிறது.

நான் முதலில் போனது என் மனைவியோடு. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகன் எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தான், அது வேறு விஷயம். பரிகாரம் செய்தால் சரியாகும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் குளத்தில் முங்கினாள். நான் முங்கவில்லை. அவள் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு, குளத்துப் படிக்கட்டு எந்தக் காலத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாயக்கர் காலம் என்று ஊரில் சொல்கிறார்கள். அவ்வளவு பழசில்லை.

லாட்ஜை விட்டுக் கிளம்பும்போது அவள் முன்னால் நடந்தாள், கழுத்தை உங்களை மாதிரியே வைத்துக்கொண்டு. நான் தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். ஆராய்ச்சி நோக்கில்தான். மங்களவல்லி அம்மா வாசற்படியில் வாளியோடு நின்றார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. யாரையும் வா என்று கூப்பிடாத லாட்ஜ் அது, தெரிகிறதா? அங்கே எனக்கு மட்டும் தலையசைப்பு. அதை நான் மறக்கவில்லை.

மறு வருஷம் மனைவி போய்விட்டாள். அது சர்க்கரை. கால் விரலில் ஆரம்பித்தது. அது வேறு விஷயம்.

அந்தக் காரியங்கள் எல்லாம் முடிந்து இரண்டாவது மாதம் நான் அங்கே போனேன். கல்வெட்டுக்காக. கோயிலில் தெற்கு மதிலின் உள்பக்கம், மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாதிக்குமேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். யாரோ ஒருவர் விளக்கு எரிக்கத் தொண்ணூறு ஆடு கொடுத்திருக்கிறார். "சாவா மூவாப் பேராடு" என்று எழுதுவார்கள். சாகாத, கிழடாகாத ஆடு. அப்படி ஆடு உண்டா என்று மாணவர்கள் சிரிப்பார்கள். உண்டு. கிழடு போனால் குட்டி வந்துவிடும், கணக்கில் எப்போதும் தொண்ணூறு நிற்கும், விளக்கும் அணையாது. மந்தைக்குத்தான் சாவில்லை, ஆட்டுக்கு உண்டு. இதை வகுப்பில் எவ்வளவு சொல்லியும் புரியாது. என் மனைவிக்குப் புரியும். அவள் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள்.

எங்கே விட்டேன்? இரண்டாவது தடவை. கதவைத் திறந்த மங்களவல்லி அம்மா என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார், ஏன் வந்தீங்க?" என்றார். அன்பு மிகுந்தால் நம் பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள். அம்மா எங்கே என்று கேட்டார். சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய் அவரே காபி போட்டுக்கொண்டு வந்தார். அந்த லாட்ஜில் காபி கொடுக்கிற வழக்கம் இல்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து வருஷம் ஒரு தடவை, பத்து நாள். எனக்கு நடந்த மரியாதையைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் நான்கு வருஷம் மூன்றாம் நம்பர் அறை. ஐந்தாவது வருஷம் ஆறாம் நம்பரைக் கொடுத்தார்கள். பின்பக்கம், ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம். அந்த அறைக்கு மட்டும் சந்துக்கு இறங்க இரும்புப் படி தனியாக உண்டு. "நீங்க பாட்டுக்கு வரலாம் போலாம் சார், முன்னாடி வர வேண்டியதே இல்ல" என்றார் வைத்திலிங்கம். தனி வாசல். கலெக்டருக்குக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி இடது கண்ணில் கட்டு. சரியாக வரவில்லை, இப்போதும் அந்தப் பக்கம் மங்கல்தான். அது வேறு விஷயம்.

ஏழாவது வருஷம் காலை டிபனை அறைக்கே கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் கீழே ஹாலில் பெஞ்சு போட்டுச் சாப்பிடுவார்கள். எனக்கு இட்லியும் கொத்சும் தூக்குவாளியில் மாடிக்கு வரும். கூட்டத்தில் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார்கள். அப்போது குளியலறையில் விழுந்து இடுப்பு பிசகியிருந்தது, அதனால் எனக்கும் சௌகரியம்.

ஒன்பதாவது வருஷம் வருகைப் பதிவேட்டில் என் பெயரை எழுதுவதையே விட்டுவிட்டார்கள். பேனாவை எடுத்தேன். மங்களவல்லி அம்மா நோட்டை மூடிவிட்டு, "உங்களுக்கு எதுக்கு சார் நோட்டு" என்றார். வீட்டு மனிதர்களை நோட்டில் எழுதுவார்களா? நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்று தெற்கு மதிலில் எனக்கு வேலையே ஓடவில்லை.

இப்போது தெரிகிறதா, நான் யார் என்று? ஒரு தடவை வந்தவன் மறுபடி வராத இடத்தில் பன்னிரண்டு தடவை வந்தவன். அவர்களுடைய நம்பிக்கை தவறு என்பதற்கு நானே சாட்சி. திரும்பிப் பார்த்தேன், திரும்பி வந்தேன், எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை.

இனிப் போன வருஷத்துக்கு வருகிறேன்.

சனிப்பெயர்ச்சி. ஊர் நிரம்பி வழிந்தது. பெயர்ச்சி முடிந்து ஆடியில் வாருங்களேன், அமைதியாக இருக்கும் என்று வைத்திலிங்கம் போனில் சொன்னார். கூட்டத்தில் நான் அவதிப்படக் கூடாதே என்ற அக்கறை. நான் பெயர்ச்சிக்கே போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறாம் நம்பரில் தண்ணீர் நின்றுவிட்டது. பின்பக்கத் தொட்டிக்கு மோட்டார் ஏறவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு முன்பக்கமாகக் கீழே இறங்கினேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஹாலுக்குப் பகலில் போகிறேன்.

பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒரு சின்னப் பெண், கரூர், பெயர் சுகன்யா. புருஷன் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் வெல்டர். இரண்டு குழந்தை வயிற்றிலேயே தங்காமல் போய்விட்டதாம். மறுநாள் விடிகாலை குளம். மடியில் எள்ளும் புதுத் துண்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாளியோடு நின்ற என்னைப் பார்த்து, "நீங்க எதுக்குங்க சார் வந்திருக்கீங்க?" என்றாள். கொங்குப் பக்கத்துப் பெண்கள் மரியாதையாகக் கேட்பார்கள்.

கல்வெட்டு என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. முதல் தடவையா என்றாள்.

"பன்னிரண்டாவது தடவை" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள். அந்தப் பெண் மெதுவாக, "அப்புறமும் தீரலைங்களா?" என்றாள்.

இங்கேதான் நான் பொறுமையாக நடந்துகொண்டேன். வாளியைக் கீழே வைத்தேன். தீர வேண்டியது என்று எனக்கு ஒன்றும் இல்லை, தீரும் என்பதும் தவறு, திரும்பி வந்தால் பீடை பிடிக்கும் என்பதும் தவறு என்று எடுத்துச் சொன்னேன். தலபுராணம் இரண்டு பதிப்பையும் சொன்னேன். அவள் புருஷன் நம்பாத முகமாக, பன்னிரண்டு வருஷத்தில் உங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லையா என்று கேட்டான். ஆதாரம் கேட்கிறவனை எனக்குப் பிடிக்கும். ஒன்றையும் மறைக்காமல் வருஷ வாரியாகச் சொன்னேன். மனைவி, கண், இடுப்பு, மகன் கனடாவிலிருந்து வக்கீல் மூலம் எழுதின கடிதம், பள்ளிக்கூடத்தில் என் பாராட்டு விழாவை அறிவித்துவிட்டு நடத்தாமல் விட்டது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம் உண்டு, சனிக்கு இதில் தொடர்பே இல்லை என்று விளக்கினேன். வகுப்பில்கூட இவ்வளவு நிசப்தமாக யாரும் கேட்டதில்லை.

நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும்போது ஹாலில் ஆள் குறைந்திருந்தது. நாலரைக்குள் மூன்று குடும்பம் பெட்டியைக் கட்டிவிட்டது. கரூர்ப் பெண் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே போனாள். எள்ளும் துண்டும் பெஞ்சிலேயே கிடந்தன. உண்மை உடனே இனிக்காது. அதை நான் எதிர்பார்த்தேன்.

மங்களவல்லி அம்மா மாடிக்கு வந்தார். கையில் தூக்குவாளி இல்லை. அறைக்குள் வரவில்லை, நிலைப்படியில் நின்றார்.

"சார், நீங்க கீழ பேசினத நான் கேட்டேன்."

கேட்டது நல்லதுதான், அதில் பிழை ஏதாவது இருந்தால் சொல்லலாம் என்றேன்.

"அந்தப் பொண்ணு நாலு தடவ போன் பண்ணிச்சு சார். வரமாட்டேன், வரமாட்டேன்னுச்சு. போற எடமெல்லாம் மறுபடி வா, மறுபடி வாங்கறாங்கம்மா, எனக்கு அலுத்துப்போச்சுன்னுச்சு. நான்தான் சொன்னேன். இங்க ஒரே தடவதான் தாயி, ரெண்டாவது தடவ நீ வந்து நின்னாலும் நான் ரூம் குடுக்க மாட்டேன்னு. அந்த ஒரு வார்த்தைக்காக வந்துச்சு."

அந்த வார்த்தைக்கு ஆதாரம் இல்லையே என்றேன்.

"இல்லாமலே இருக்கட்டும். அது கட்டில்ல படுத்து ஒரு ராத்திரி தூங்கியிருக்கும்ல?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். தெரியும். ஆனால் அந்த அம்மா என்னை முந்திக்கொண்டார். இந்தப் பின்பக்க அறையில் உங்களை ஏன் வைத்தோம் என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். டிபன் ஏன் மேலே வந்தது, நோட்டில் ஏன் பெயர் எழுதவில்லை என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்.

"இத்தன வருஷமா உங்கள நான் ஒளிச்சு வெச்சிருக்கேன் சார்."

அப்படியென்றால் வர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எப்படிச் சொல்றது? அம்மாவப் பறிகுடுத்துட்டு வந்து நின்னீங்க. அப்புறம் கண்ணுல கட்டோட வந்தீங்க. அப்புறம் குச்சி ஊணிக்கிட்டு வந்தீங்க. ஒவ்வொரு வருஷமும் கதவத் திறக்கயில உங்கள மேலயும் கீழயும் பாப்பேன், இந்த வருஷம் என்னத்தக் குடுத்துட்டு வந்திருக்காரோன்னு."

நீங்கள்தானே அன்று தெருமுனையில் தலையசைத்துக் கூப்பிட்டீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "கூப்பிடலியே சார். திரும்பாதீங்க, போங்க போங்கன்னுல்ல ஆட்டினேன்" என்றார். இதை நான் ஏற்கவில்லை. அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு ஞாபகப் பிசகு இருக்கலாம். என் குறிப்பேட்டில் அன்றைக்கே எழுதியிருக்கிறேன்.

அதோடு விட்டாரா? இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "நாளைக்குச் சனிக்கிழமை. விடிகாலைல நானே கூட வர்றேன். ஒரே ஒரு முங்கு. எல்லாரும் முங்கினாங்க, நீங்க மட்டும்தான் இன்னும் முங்கல. அங்கேருந்தே பஸ்ஸப் புடிச்சு நேரா வீட்டுக்குப் போயிடுங்க. திரும்பிப் பாக்காதீங்க. உங்களுக்கு எல்லாம் விட்டுப் போயிடும் சார்" என்றார்.

"நான் பரிகாரத்துக்கு வருகிறவன் இல்லை அம்மா."

"பின்ன எதுக்கு வர்றீங்க?"

"கல்வெட்டுக்கு."

"அது நாலு வரிதானே சார்."

வரி என்பதை அப்படி எண்ணக் கூடாது. மேலே தெரிவது நாலு. சுண்ணாம்புக்குக் கீழே எத்தனை என்று யாருக்குத் தெரியும்? இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"மறுபடி உங்கள நான் பாக்கக் கூடாது சார்."

எனக்கு. யாருக்குச் சொன்னார் பாருங்கள். நேற்று வந்து இன்று போகிறவனுக்குச் சொல்வதை எனக்குச் சொன்னார். சிரிக்கவும் இல்லை. நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள், அது ஆசீர்வாதம் என்று சொல்ல வருகிறீர்கள். உங்களுக்கு அது ஆசீர்வாதம். உங்களுக்குப் போக வீடு இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறது, மடியில் பிரசாதம் கட்டி வைத்திருக்கிறீர்கள். நான் முங்கினால் அப்புறம் வரக் கூடாது. முங்காவிட்டாலும் வரக் கூடாது. இதில் முங்கினால் என்ன, முங்காவிட்டால் என்ன? இப்படி ஒரு வாய்ப்பை நான் பரீட்சைத் தாளில்கூட யாருக்கும் கொடுத்ததில்லை.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரும்புப் படி வழியாக இல்லை. முன்பக்கமாக இறங்கினேன். ஹாலில் புதிதாக வந்த ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. நேராகப் போய் அந்தப் பலகைக்குக் கீழே நின்றேன். எல்லோருக்கும் கேட்கும்படியாக, "போய்விட்டு வருகிறேன்" என்றேன். வைத்திலிங்கம் காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே செருகினார். மங்களவல்லி அம்மா மஞ்சள் வாளியோடு நின்றார். காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தால் வேட்டிக்கு அடியில் ஒரு புதுத் துண்டு, ஒரு பொட்டலம் எள், சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெய். எப்போது வைத்தார் என்று தெரியாது. எண்ணெயை அடைக்கு ஊற்றித் தீர்த்தேன். எள்ளில் பொடி இடித்தேன். துண்டு இதோ தோளில் கிடக்கிறதே, இதுதான். சாயம் போகவில்லை.

கரூர்ப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? தெரியாது. அந்த லாட்ஜில் யாரைப் பற்றியும் பிறகு தெரியாது. அதுதான் அவர்கள் முறை.

இந்த வருஷம் நான் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், சொன்ன சொல்லுக்கு மரியாதை வேண்டும். நடுவில் தம்பி மகன் என் வீட்டில் பங்கு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறான், அது வேறு விஷயம். இன்று காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வைத்திலிங்கம் தலையை நிமிர்த்தாமலே அறை இல்லை சார் என்றார். ஆறாம் நம்பர் என்றேன். "ஆறாம் நம்பர்னு ஒண்ணு இங்க இல்லையே சார்" என்றார். மங்களவல்லி அம்மா வாசற்படியைக் கழுவிக்கொண்டிருந்தார். யாரோ அப்போதுதான் கிளம்பிப் போயிருக்க வேண்டும். நீங்களாகவே இருக்கலாம். வணக்கம் அம்மா என்றேன். கழுவுகிற கை நின்றது. நிமிரவில்லை. வாளி காலி, நிரப்ப உள்ளே போனார். நான் காத்திருந்தேன். வரவில்லை. சந்துப் பக்கமாகப் போய் இரும்புப் படியில் ஏறி, மாடி வராந்தா வரை போய்ப் பார்த்தேன்.

பேரளம் வந்துவிட்டது. கேட் போட்டிருக்கிறான், நான் சொன்னேன் அல்லவா?

நீங்கள் படுத்தது எந்த அறை? விரலில் காட்டுங்கள். ஏழா? ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம், சுவரில் இரண்டு ஆணி, மின்விசிறியை மூன்றில் வைத்தால் கடகடவென்று சத்தம்?

சரி.

கதவுகளுக்கு எல்லாம் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து வெள்ளையில் எண் எழுதியிருக்கிறார்கள். ஐந்துக்கு அடுத்த கதவில் ஏழு. அதற்கு அடுத்ததில் ஒன்பது.